சாவு ஆடும் சுவர்

செப்டம்பர் 2

இரத்த அழுத்தம் காலையில் எத்தனை, மாலையில் எத்தனை, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவரும்படி டாக்டர் கட்டளை போட்டிருக்கிறார். என்ன நடக்கும்? சுவிஸ் மலையில் ஒரு தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கிற அறுபத்துநாலு வயதுக்காரனுக்கு என்ன நடந்துவிடப் போகிறது? சரி, எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு வசதி.

காலை 146/90. மாலை 144/88.

பெயர் பேரின்பநாயகம். இத்தாலி மொழி பேசுகிற இந்த ஊரில் அது ஒருவர் வாயிலும் நுழையாததால் 'பேரி'. பதினெட்டு வருடமாக சான் ஆல்பினோ கோயிலின் பராமரிப்பாளன். நெற்றியில் திருநீற்றோடு போய் மாதாவுக்குத் தூசி தட்டுகிறேன். மாதாவும் ஒன்றும் சொன்னதில்லை, முருகனும் ஒன்றும் சொன்னதில்லை.

செப்டம்பர் 5

142/88. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினேன். மெழுகுதிரித் தட்டுகளில் உருகிப் பிடித்த மெழுகைச் சுரண்டினேன். கொதிகலனுக்கு எண்ணெய் வரவில்லை.

தெருவைப் பார்த்த வெளிச்சுவரைப் பற்றி எழுத வேண்டும், இந்த மாதம் முழுக்க அதுதான் வேலை. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஓவியம். முதலில் ஒரு எலும்புக்கூடு குந்தியிருந்து குழல் ஊதுகிறது. அதன் பின்னால் வரிசையாகப் பாப்பரசர், அரசன், வைத்தியன், வியாபாரி, இளைஞன், மணப்பெண், கிழவி, தொட்டில் குழந்தை. ஒவ்வொருவரையும் ஒரு எலும்புக்கூடு ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. எலும்புக்கூடுகள் எல்லாம் சிரிக்கின்றன. மனிதர் ஒருவரும் சிரிக்கவில்லை.

இளைஞன் நிற்கிற இடத்தில்தான் கூரைத் தண்ணீர் இறங்கும். அறுபது எழுபது வருடத்துக்கு ஒருமுறை அந்தத் துண்டு பெயர்ந்து விழுந்துவிடுமாம். இந்த வசந்தத்தில் மறுபடி விழுந்துவிட்டது. விழுந்தால் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் பழையபடி வரைவார்கள். முகம் மட்டும் புதியது. செத்தும் உடல் கிடைக்காத ஒருவனின் முகமாக அது இருக்க வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். போன தடவை, 1951இல், பனிச்சரிவில் போன துல்லியோ. அதற்கு முந்தி, கப்பலேறிப் போய் மூழ்கிய ஒருவன். கல்லறை இல்லாதவனுக்கு அதுதான் கல்லறை. பாதிரியார் அங்கே செபம் சொல்வார், தாய் அங்கே மெழுகுதிரி வைப்பாள்.

செப்டம்பர் 6

140/88. கொதிகலனுக்கு எண்ணெய் வந்தது.

செப்டம்பர் 9

ஓவியர் ஓர்சோலா வந்துவிட்டாள். ஐம்பது வயது, வாயில் எந்நேரமும் சிகரெட். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரி. சாரம் கட்ட உதவினேன். உறைபனி தொடங்கினால் சாந்து பிடிக்காது, ஒக்டோபர் பத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறாள்.

என் மனைவி மலர் அந்தச் சுவர்ப் பக்கமே போகமாட்டாள். வந்த புதிதில் ஒருதரம் பார்த்துவிட்டு, "இதென்ன கோயிலோ சுடலையோ?" என்று கேட்டவள்தான். அன்றிலிருந்து முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவதற்கும் மாட்டுப் பாதையால் சுற்றித்தான் போகிறாள்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, கஜீபன். அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது நான் இங்கே வந்தேன். 2005இல் மலரைக் கூப்பிட்டேன். பிள்ளை கிளிநொச்சியில் பெரியம்மாவோடு நின்று, பரீட்சை எழுதிவிட்டு வரட்டும் என்று முடிவானது. அந்த முடிவை எடுத்தது யார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. அடுத்த வருடம் சண்டை மறுபடி தொடங்கி, வன்னிக்கான பாதையைப் பூட்டிவிட்டார்கள். சண்டை முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மலரைப் பொறுத்தவரை அவன் இருக்கிறான். ஏதோ ஒரு தடுப்பு முகாமில், அல்லது நினைவு தப்பி யாரோ ஒருவர் வீட்டில். ஹோலில் இருக்கிற அவனுடைய படத்துக்கு மாலை கிடையாது. விருந்துக்கு வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து 'உச்' கொட்டினால் அவர்களுக்கு அதுதான் கடைசித் தேநீர். அவளை நிமிர்த்தி வைத்திருப்பது இந்த நம்பிக்கை ஒன்றுதான். அது உடைந்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயம்.

148/92.

செப்டம்பர் 14

பூசை முடிந்ததும் கூட்டம். யாருடைய முகத்தை வரைவது என்று பாதிரியார் தோன் எலிசேயோ கேட்டார். சொல்ல ஒருவரிடமும் ஒரு பெயர் இருக்கவில்லை. துல்லியோவுக்குப் பிறகு இந்த ஊரில் எல்லாரும் ஒழுங்காகக் கட்டிலில் படுத்துச் செத்து, ஒழுங்காகக் கல்லறைக்குப் போய்விடுகிறார்கள்.

நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேர்ஸில் கஜீபனின் படம் இருந்தது. விசாவுக்கென்று கிளிநொச்சியில் எடுத்தது, பின்னால் நீலத் திரை. ஓவியருக்கு ஒரு இளம் முகம் தேவைப்பட்டது. என்னிடம் ஒன்று இருந்தது. கொடுத்தேன். அவ்வளவுதான். பாதிரியார் ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொன்னேன். எல்லாரும் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். பேக்கரிக்கார மரிலேனா என்னைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டாள். இவர்கள் சின்ன விஷயத்துக்கும் கண்ணைக் கசக்குவார்கள்.

மலருக்குச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவள் அந்தப் பக்கம் போகிறவளா?

மாலை 172/101. பின்னேரம் குடித்த கோப்பி கடுப்பு.

செப்டம்பர் 20

சாரத்தில் ஏறி ஓர்சோலாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். "உன் மகன் உயரமா பேரி?" என்று கேட்டாள்.

"என் உயரம்" என்றேன். பத்து வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

பிறகு கடதாசியில் வரைந்து வைத்திருந்த மாதிரியைக் காட்டினாள். மற்ற எல்லாரையும் எலும்புக்கூடு மணிக்கட்டில் பிடித்து இழுக்கிறது. கஜீபனை இழுக்கவில்லை. ரியூசன் முடிந்து போகிற கூட்டாளிமாதிரித் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறது. அவனுடைய கண், அவனுடைய காது, மேலுதட்டில் அந்தப் பூனைமயிர்கூட இருக்கிறது. விசாப் படத்தில் சிரிக்கக் கூடாது என்பதால் சிரிக்காமல் இருந்த அதே வாய்.

"ஏன் தோளில்?" என்றேன்.

"பழைய துண்டும் இப்படித்தான் இருந்தது. பார், எலும்புக் கை முழங்கைவரை விழாமல் இருக்கிறது. அதிலிருந்துதான் நான் தொடர வேண்டும்" என்றாள். "பிடிக்கவில்லையா?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏணியின் கடைசிப் படியில் கால் தவறிவிட்டது. முழங்கால் வீங்கியிருக்கிறது. மலர் எண்ணெய் பூசிவிட்டாள். "உந்தப் பேய்ச்சுவரில ஏற வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று பேசிக்கொண்டே பூசினாள்.

செப்டம்பர் 27

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காலையில் கொதிகலன் அறையில் நின்றேன். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆறு பெண்கள். எல்லாரும் கறுப்பு உடுப்பு, தலையில் கறுப்புத் துணி. ஒவ்வொருத்தி கையிலும் துணியால் மூடிய கிண்ணம். நடுவில் மரிலேனா, கையில் ஒரு பித்தளைச் சட்டி. மலர் ஏதோ தர்ம காரியத்துக்குச் சேர்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தேநீர் போட்டு, தட்டில் வடையும் வைத்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

வழக்கத்தில் இப்படி ஒரு பாதி இருப்பது எனக்குத் தெரியாது. முருகன் அறிய, தெரியாது. சாந்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி ஆற்றுமணல் கொடுக்க வேண்டுமாம். முதல் பிடி செத்தவனின் தாயுடையதாம். அதைக் கேட்டு வாங்க ஊர்ப் பெண்கள் துக்க உடையில் தாயின் வீட்டுக்கு வருவார்களாம். துல்லியோவுக்காக வந்தபோது நான் பிறக்கவே இல்லை. எனக்கு யார் சொன்னார்கள்?

மலருக்கு இத்தாலி மொழி அரைகுறை. ஆனால் முதியோர் இல்லத்தில் இருபது வருட வேலை. 'மோர்த்தோ' என்றால் செத்துப்போனவன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இஞ்சேருங்கோ, இவை என்ன கேக்கினம்? ஆர் மோர்த்தோ?"

"உள்ளுக்கு வா, சொல்லுறன்."

"இதில வைச்சுச் சொல்லுங்கோ. ஆர் செத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மரிலேனா சொன்னாள். "கஜீபன்" என்றாள். பதினெட்டு வருடமாக என் பெயரை முழுதாகச் சொல்லத் தெரியாத பெண், என் மகனின் பெயரைப் பழகி வைத்துக்கொண்டு வந்து, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு மலரின் கையை உதட்டில் வைத்துக் கொஞ்சினாள்.

வடைத் தட்டு விழுந்தது. மலர் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், தெருவில் போகிற யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நானும் வெளியே, அந்தப் பெண்களும் வெளியே. எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே கிடந்த வடைகளைப் பொறுக்கினேன்.

செப்டம்பர் 28

181/104. எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 30

மூன்று நாளும் மலர் பேசவில்லை. சமைக்கிறாள், என் தட்டில் போடுகிறாள், தன் தட்டோடு அறைக்குள் போய்விடுகிறாள். இன்றைக்கு மத்தியானம் சோற்றை வைத்துவிட்டுப் போகாமல் எதிரில் இருந்தாள்.

"ஆர் சொன்னது உங்களுக்கு?"

இனி மறைத்துப் பயனில்லை. சொன்னேன். 2011 மார்ச் மாதம், பெல்லின்சோனா ரயில் நிலையத்தில் தயாபரனைக் கண்டேன். கஜீபனோடு படித்த பொடியன், யுத்தத்தின் கடைசிக் கிழமைவரை அவனோடு நின்றவன். தற்செயலாகக் கண்டு அவனாகத்தான் வந்து கதைத்தான். ரயில் வர ஏழு நிமிடம் இருந்தது.

"என்ன சொன்னவன்? சொன்னதைச் சொன்ன மாதிரிச் சொல்லுங்கோ."

"போயிட்டான் எண்டு சொன்னவன்."

"அந்தச் சொல்லோ?"

"ஓம்."

"பதினாலு வருசம்" என்றாள். பிறகு, "நான் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் புட்டவிச்சு வைக்கேக்க, நீங்களும் பக்கத்தில நிண்டு கும்பிட்டனீங்கள்."

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், உன்னைக் காப்பாற்றத்தான் என்று. அவள் கேட்கவில்லை.

தாயின் மணல் விழாமல் சாந்து குழைக்க முடியாது என்று தோன் எலிசேயோ சொல்லிவிட்டார். ஓர்சோலா சாரத்தில் இருந்து சிகரெட் குடிக்கிறாள். 178/102.

ஒக்டோபர் 3

எங்கள் ஆட்களில் ஒருவரைத் தேடிப் பிடிப்பதென்றால் இரண்டு தமிழ்க் கடைக்கும் ஒரு கோயில் அன்னதானப் பொறுப்பாளருக்கும் போன் எடுத்தால் போதும். மலருக்கு அரைநாள்கூட ஆகவில்லை. தயாபரன் லுசேர்னில் ஒரு உணவகத்தில் வேலை. பின்னேரம் மூன்று மணிக்கு, அவன் இடைவேளையில் இருக்கிற நேரம் பார்த்து எடுத்தாள். போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டிவிட்டாள். நானும் கேட்க வேண்டும் என்றுதான்.

"தம்பி, நான் கஜீபன்ர அம்மா."

பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "அன்ரி" என்றான்.

"கஜீ செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை அன்ரி. ஆர் அப்பிடிச் சொன்னது?"

மலர் என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ தம்பி" என்றாள்.

"செல் விழுந்தது அன்ரி. அவனுக்குக் காலிலயும் வயித்திலயும் காயம். ஒரு வேப்ப மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டனான். நல்ல நினைவோட கதைச்சவன். தண்ணி கேட்டவன். எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனன். திரும்பி வர ஆமி விடேல்லை அன்ரி, சனத்தோட சனமா அள்ளிக்கொண்டு போயிட்டினம். அந்த இடத்தில கிடந்த காயக்காரரைப் பிறகு லொறியில ஏத்தினவை எண்டு ஒரு கதை. அதுக்குள்ள அவன் இருந்தானோ தெரியாது." அழத் தொடங்கிவிட்டான். "இதெல்லாம் நான் அப்பவே அங்கிளுக்குச் சொன்னனான். ஆசுப்பத்திரியள், முகாமுகள் எல்லாம் பேர் குடுத்துத் தேடுங்கோ எண்டும் சொன்னனான். நீங்கள் தேடியிருப்பியளெண்டு நினைச்சன்."

எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை என்று எழுதத்தான் இந்தக் கொப்பியைத் திறந்தேன். எழுத முடியவில்லை. ஞாபகம் இருக்கிறது. ஏழு நிமிடமும் ஞாபகம் இருக்கிறது. வயிற்றில் காயம், மே மாதத்து வெயில், தண்ணீர் இல்லை. அப்படிப்பட்டவன் பிழைப்பானா என்று ரயிலில் ஏறி உட்கார்ந்து யோசித்தேன். ஊர் வந்து இறங்கும்போது பிழைத்திருக்க மாட்டான் என்று முடிவெடுத்திருந்தேன். ஒரு மரத்தடியில் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற பிள்ளையை நினைத்துக்கொண்டு என்னால் உயிர் வாழ முடியாது. செத்தவன் என்றால் முடியும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிட வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு மலர் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"லொறியில ஏத்தினதெண்டு அண்டைக்கே சொன்னவனோ?"

"ஓம்" என்றேன்.

மாலை அழுத்தம் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 8

மலர் காலையில் குளித்து, பட்டுச் சேலை உடுத்து, பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு, "வாங்கோ, சுவருக்குப் போவம்" என்றாள். மணல் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கோயில் முன்னால் ஊரில் பாதிப்பேர் நின்றார்கள். பித்தளைச் சட்டியை மரிலேனா இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். மலர் அதைப் பார்க்கவில்லை. குழல் ஊதுகிற எலும்புக்கூட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சாந்து பெயர்ந்த இடத்துக்கு வந்து நின்றாள். முழங்கையோடு நிற்கிற அந்த எலும்புக் கையைக் கனநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லுறதை இவைக்கு அவையின்ர பாசையில சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

இருபது வருடமாக டாக்டரிடமும் அலுவலகங்களிலும் அவள் பேசியதை நான்தான் மொழிபெயர்க்கிறேன். எப்போதும் கொஞ்சம் மெருகு பூசித்தான் சொல்வேன். அவளுக்கு அது தெரியும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"என்ர பிள்ளை செத்ததை ஒருத்தரும் காணேல்லை."

சொன்னேன்.

"கடைசியாக் கண்டவன் உயிரோடதான் கண்டவன். தேடச் சொல்லித் தகப்பனிட்டைச் சொன்னவன்."

சொன்னேன். தோன் எலிசேயோ என் தோளைத் தொட வந்தார். மலர் கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"தேடாமல் விட்டு, செத்திட்டான் எண்டு உங்களுக்குச் சொன்னது இவர்."

'இவர்' என்பதை 'நான்' என்று மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "தேடாமல் விட்டதும், செத்துவிட்டான் என்று உங்களிடம் சொன்னதும் நான்." ஊர் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

மரிலேனாதான் முதலில் அசைந்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள்.

மழை இறங்காமல் இருக்க வெறும் சாந்தை மட்டும் பூசிவிடச் சொல்லித் தோன் எலிசேயோ ஓர்சோலாவிடம் சொன்னார். மத்தியானத்துக்குள் பூசிவிட்டாள். விசாப் படத்தை என்னிடம் தராமல் மலரிடம் கொடுத்தாள். வெள்ளைச் சாந்தில் முழங்கையோடு நிற்கிறது அந்தக் கை.

ஒக்டோபர் 11

காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்தின் படிவத்தை மலர் தபாலில் வரவழைத்திருக்கிறாள். இத்தாலி மொழியில் நிரப்ப வேண்டும். அவளுக்கு எழுத வராது, ஆகவே நான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையைத் துடைத்து, படிவத்தை என் முன்னால் வைத்து, எதிரில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெயர் எழுதினேன். பிறந்த தேதி எழுதினேன். உயரம் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்குத் தெரியாது என்றேன். "அஞ்சடி எட்டு" என்றாள். கடைசியாக உயிருடன் கண்டவர்: தயாபரன். காயங்கள்: கால், வயிறு. இடத்தையும் வேப்ப மரத்தையும் லொறியையும் எழுதினேன். அவள் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பதினொன்றாம் கேள்வியில் பேனை நின்றுவிட்டது.

"என்ன கேட்டிருக்கு? வாசியுங்கோ."

"இந்தத் தகவல் குடும்பத்துக்கு முதலில் எப்போது கிடைத்தது எண்டு கேட்டிருக்கு."

"எழுதுங்கோ."

மார்ச் 2011 என்று எழுதினேன். பன்னிரண்டாவது, இவ்வளவு காலமும் ஏன் தெரிவிக்கவில்லை என்பது. அதையும் வாசித்துக் காட்டினேன். நாலு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

டாக்டருக்கு எழுத வேண்டியிருக்கிறது என்று சாட்டுச் சொல்லி இந்தக் கொப்பியை எடுத்திருக்கிறேன். மலர் எதிரில் இருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கொப்பியில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதிவிடுவேன் போலிருக்கிறது. அந்த நாலு வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது.